வெள்ளைக் குழாயில் காற்று

நீலச் சட்டை கொடியில் இல்லை. கீழே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சேற்றில் ஒரு கையை மடக்கிக்கொண்டு கிடந்தது. அவள் குனிந்து எடுத்து உதறினாள். முதுகு முழுக்க மண். அது தொங்கிய இடத்தில் ஒரே ஒரு கிளிப் ஆடிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கிளிப்பை நம்பி ஒரு முழுச் சட்டையைத் தொங்கவிட்டால் வேறென்ன நடக்கும்.

“எந்தக் கட்டையில போறவன்…” என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். உள்ளே முன்னறையில் புருஷனைக் கிடத்தியிருக்கிறது. இந்த நேரத்தில் வாயில் வருகிற வார்த்தையா இது.

ஆனால் கோபம் நிஜம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு டஜன் கிளிப் வாங்கினாள். ஒவ்வொன்றாகக் காணாமல் போய் இப்போது மிச்சம் நாலு. மூன்று துண்டுகளுக்கு மூன்று போக, சட்டைக்கு ஒன்று. மாடி வீட்டுக்காரியைக் கேட்டுச் சண்டையாகிவிட்டது. நேற்றுக் காலையும் இதே புலம்பல்தான். “எந்தக் கட்டையில போறவன் எடுக்கறானோ, அவன் கையில புழு வைக்க” என்றாள். அவர் டீயைக் குடித்துக்கொண்டே, “விடு, வேற வாங்கிக்கலாம்” என்றார். இரண்டு பேரும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நேற்று அவள் வேலைக்கு லீவு; சாயங்காலம் மூன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

“அதை எதுக்கு எடுக்கற? நான் புதுச் சட்டை வாங்கிட்டு வந்திருக்கேன்” என்றார் பின்கட்டுக்கு வந்த மூத்தவர். புருஷனுடைய அண்ணன். எதையும் முன்னால் நின்று நடத்துகிறவர். நேற்றிலிருந்து அவர்தான் வண்டி சொன்னது, நாற்காலி போட்டது எல்லாம்.

“இதைத்தான் போடணும் மாமா.”

“வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டையையா?”

“ஆமா. வேற எங்க போயிருக்காரு அவரு.”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “முதலாளி வந்துட்டாரு போல” என்று மூத்தவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு விரைந்தார்.

அவள் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டே பின்னால் போனாள். முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி பேருக்குக் குனிந்து பார்த்துவிட்டு, மூத்தவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. பல வருடமாக மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

“நல்ல மனுஷன். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல” என்றார். “ஆனா நேத்து மதியம் என்னமோ அசட்டையா விட்டுட்டாரு. வெள்ளை இங்க்குக்கு ஃபில்டர் மாத்தறேன்னு ஆரம்பிச்சவரு, பாதியில எழுந்து போய் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. லைன்ல காத்து ஏறி, அச்சடிக்கற ஹெட்டே செத்துடுச்சு. இங்கை மேலேர்ந்து தள்ளற பர்ஜ் பட்டனை நானே எத்தனை தரம் அமுக்கிப் பாத்தேன். ஒரு சொட்டு இறங்கல. பதினோரு மணிக்கு எஞ்சினியர் வந்து கழட்டறாரு.”

“அப்படியா” என்றார் மூத்தவர்.

“அவர் மேல வருத்தமில்ல. வயசாச்சு, கவனம் குறைஞ்சிருக்கும். இன்னும் மெஷின்ல விட்டு வச்சது என் தப்பு.”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். என்ன ஏதென்று தெரியாமலே தலையாட்டுவதற்கு ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். மூத்தவர் இரண்டு கையையும் கூப்பினார்.

“தம்பி சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் சார். மனசுல வச்சுக்காதீங்க.”

அவளுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடம் அந்த ப்ளாட்பெட் மெஷினைத் தவிர வேறு நினைப்பில்லாத ஆள். ஒரு பலகையைப் படுக்கவைத்து மேலே ஹெட் போய் வந்து அச்சடிக்கிற அந்தப் பெரிய மேஜையை வீட்டு ஆளைப்போலப் பேசுவார். அவர் போகும்போது அசட்டையானவன் என்ற பேரும் கூடவே வீட்டு வாசலைத் தாண்டிப் போகப்போகிறது. அதற்கு அண்ணனே கை கூப்புகிறார்.

“யார் செஞ்ச தப்புக்கு மாமா மன்னிப்பு?” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“நீ உக்காரும்மா” என்றார் மூத்தவர்.

“சார், ஒரு சொட்டு கூடவா இறங்கல?”

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. “இறங்கலம்மா. அதான் சொன்னேனே.”

“ஹெட்டு அடியில ஈரம்?”

“துடைச்சு வச்சாப்புல காஞ்சு கிடக்கு.”

அவள் அந்த மெஷினுக்கு எதிர் மேஜையில் பத்து வருடமாகப் பலகை வெட்டுகிறாள். கை வெட்டும், கண் குழாயைப் பார்க்கும். ஹெட் கருகினாலும் மேலேயிருந்து அழுத்தினால் இங்க் சொட்டும். அடைத்துக்கொண்டாலும் நாலு ஓட்டையிலாவது கசியும். காற்று ஏறியிருந்தால் நுரையாகத் துப்பும். ஒரு சொட்டுகூட இல்லையென்றால் ஒரே ஒரு காரணம்தான். இங்க் வருகிற வழி மூடியிருக்கிறது. யாரோ மூடியிருக்கிறார்கள்.

“இந்த வீட்ல செத்தது ஒருத்தர்தான் சார். ஹெட்டு சாகல” என்றாள். “எஞ்சினியர் கழட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தரம் பாக்கணும்.”

“இப்பவா?” மூத்தவர் எழுந்தே விட்டார். “பன்னெண்டு மணிக்கு வண்டி வருது. வர்றவங்க போறவங்க இருக்கற நேரத்துல நீ எழுந்து கம்பெனிக்குப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“நாலு பேர் இப்பவே பேசியாச்சு மாமா. அதைத்தான் மாத்தப் போறேன்.”

“ஹெட்டைக் கழட்டிட்டா அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது” என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னாள். “அவர் கெடுத்தாருன்னே ஆயிடும். நான் விடமாட்டேன்.”

சுவரோரம் யாரோ ஒரு பெண், “இப்படியும் உண்டா” என்று முணுமுணுத்தாள். மகள் எழுந்து வந்து அம்மாவின் கையிலிருந்த சேற்றுச் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

“நீ போம்மா. அப்பாகிட்ட நான் இருக்கேன். இதை அலசிக் காயப்போடறேன்.”

கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். அவள் நடந்தே போனாள். முதலாளி காரில் பின்னால் வந்தார். தடுப்பதா விடுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தார்.

உள்ளே லேமினேஷன்காரர் மட்டும் இருந்தார். அவளைப் பார்த்ததும் தடுமாறி எழுந்தார். “அக்கா, நீங்க எங்க இங்க?” அவள் நேராகப் பின்கூடத்துக்குப் போனாள். வெளிச்சம் பட்டால் இங்க் இறுகிவிடும் என்று ஜன்னலுக்கெல்லாம் புருஷன் ஒட்டிய கறுப்புத் தாள் அப்படியே இருந்தது. இங்க் நெடி. மெஷின் பக்கத்தில் அந்த ஸ்டூல். அதன் பக்கம் திருப்பி வைத்த ஃபேன்.

“நேத்து இங்கதான் உக்காந்திருந்தாரு” என்றார் லேமினேஷன்காரர். “என்ன ஓய்வான்னு கேட்டேன். இல்லப்பா, பத்து நிமிஷம் விடணும்னாரு. நெத்தி வேர்த்திருந்துச்சு. ஃபேனைத் திருப்பி விட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா தலை சாஞ்சிருக்கு.”

“என்ன சொன்னாரு?”

“பத்து நிமிஷம் விடணும்னாரு. ஏன்கா?”

அவள் கொக்கியில் தொங்கிய புருஷனுடைய ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினாள். விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று மடங்கியது.

பத்து நிமிஷம் அவருடைய கணக்கே இல்லை. அது அவளுடையது. குழாயில் காற்று ஏறினால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மேலேயிருந்து அமுக்கு. பர்ஜ், பர்ஜ், பர்ஜ். காற்று பயந்து ஓடிவிடுமாம். ஒருநாள் அவள் வெட்டு மேஜையிலிருந்தே சொல்லிவிட்டாள். “அமுக்கினா பெரிய குமிழி உடைஞ்சு நூறு குட்டிக் குமிழியாகி ஹெட்டுக்குள்ள போய் உக்காரும். மேல குழாயை நெரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, கீழ சிரிஞ்ச் போட்டு மெதுவா இழுங்க. இழுத்துட்டுப் பத்து நிமிஷம் விடுங்க. குமிழியெல்லாம் மேல ஏறி ஒண்ணு சேரும். அப்புறம் திறந்துவிட்டா மொத்தமா வந்துடும்.” கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “கட்டிங் மேஜையிலேர்ந்து பெரிய டாக்டரம்மா பேசறாங்க, கேட்டுக்கங்கப்பா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் கம்பெனியில் அவள் வாயைத் திறந்ததில்லை. வீட்டில் விட்டதில்லை. சோறு போடும்போதும் அதே சண்டை. “உன் வழி நடக்காது” என்பார். ஒருமுறைகூட, ஒரு பேச்சுக்குக்கூட, இறங்கி வந்ததில்லை.

பக்கவாட்டு மூடியில் நாலு ஸ்க்ரூ இருக்கவேண்டும். இரண்டுதான் இருந்தது. அடிக்கடி திறக்கிறவன்தான் இரண்டோடு நிறுத்துவான். அவள் கழற்றி மூடியைச் சாய்த்தாள்.

வெள்ளைக் குழாயை நெரித்துக்கொண்டு ஒரு கிளிப் இருந்தது. துணி கிளிப். அவள் வாங்கிய கிளிப்.

மூடியின் உள்விளிம்பில் வரிசையாக இன்னும் ஏழு. ஒவ்வொன்றிலும் மார்க்கரால், அவருடைய கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. நீலம். இளநீலம். சிவப்பு. இளஞ்சிவப்பு. மஞ்சள். கறுப்பு. வார்னிஷ். குழாயில் மாட்டியிருந்ததில் வெள்ளை. எட்டுக் குழாய்க்கு எட்டு. கீழே பெரிய சிரிஞ்ச் சொருகியிருந்தது, பாதி இழுத்த நிலையில். அதன் மேல்பகுதியில் விரல் அகலத்துக்கு வெற்றிடம். குமிழியெல்லாம் மேலே ஏறி ஒன்று சேர்ந்திருந்தது. பத்து நிமிஷம் இல்லை, ஒரு ராத்திரி முழுக்க விட்டாகிவிட்டது.

இரண்டு மாதமாக யாரும் பார்க்காதபோது அவள் வழியில்தான் செய்திருக்கிறார். ஒவ்வொரு குழாயாக. சொல்லத்தான் மனசு வரவில்லை. காத்திருந்த பத்து நிமிஷத்துக்குக்கூட மூடியைப் போட்டு மறைத்திருக்கிறார்.

நேற்றுக் காலையில் யாரைத் திட்டினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ஒரு வார்த்தை. ஆமாடி, நீ சொன்னது சரின்னு ஒரே வார்த்தை. குறைஞ்சா போயிருப்பீங்க?”

லேமினேஷன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

வாசலில் பேச்சுக் குரல். முதலாளி எஞ்சினியரோடு உள்ளே வந்தார். எஞ்சினியர் கறுப்புப் பையைக் கீழே வைத்துவிட்டு அசதியாக ஸ்டூலை இழுத்தார்.

“அதுல உக்காராதீங்க” என்றாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“ஹெட்டுல கை வைக்காதீங்கம்மா. கேரண்டி போயிடும்” என்றார் முதலாளி. “உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது விளையாட்டில்ல.”

“நீங்க பர்ஜ் அமுக்கினீங்களே சார், இந்த மூடியைத் திறந்து பாத்தீங்களா?”

“அதை எதுக்குத் திறக்கணும்?”

“இதுக்குத்தான்.” கிளிப்பைக் காட்டினாள். “வழியை அடைச்சு வச்சுக்கிட்டு மேல அமுக்கினா எப்படி சார் இறங்கும்? அவர் அசட்டையா விடல. ஏர் எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு. குமிழி சேரட்டும்னு உக்காந்திருந்தாரு. அப்பத்தான்…” கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எனக்கு அரைமணி நேரம் குடுங்க.”

முதலாளி எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் குனிந்து கிளிப்பையும் சிரிஞ்சையும் மூடியின் விளிம்பில் இருந்த ஏழையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இருங்க சார். பாக்கலாம்” என்றார்.

ராத்திரி முழுக்க அசையாமல் நின்றதில் குழாய்க்குள் வெள்ளை கீழே தங்கி, மேலே தண்ணியாக நின்றது. அவள் குழாயை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்துகொண்டே வந்தாள், கலங்கும்வரை. பிறகு சிரிஞ்சை இடது கையில் நிமிர்த்திப் பிடித்து, மிச்ச தூரத்தை இழுத்தாள். அவசரமே இல்லை. அவசரப்பட்டால் உடையும். கிளிப்பை மெதுவாகத் தளர்த்தினாள். இங்க் வந்தது. நடுவில் ஒரு வெற்றிடம், மறுபடி இங்க், மறுபடி அரிசி அளவுக்கு ஒரு வெற்றிடம். அதெல்லாம் சிரிஞ்சுக்குள் ஏறி மறைந்தது. இப்போது குழாய் முழுக்க ஒரே வெள்ளை. கிளிப்பைத் திரும்ப மாட்டி, அடியை நெரித்துப் பிடித்துச் சிரிஞ்சை உருவினாள். இரண்டு சொட்டு கையுறையைத் தாண்டி மணிக்கட்டில் வழிந்தது. சிரிஞ்ச் சொருகியிருந்த துளையின் மூடியைப் போட்டாள். கிளிப்பை எடுத்தாள்.

“இப்ப ஒரே ஒரு தரம் அமுக்குங்க சார். லேசா.”

முதலாளி அமுக்கினார். ஹெட்டின் அடியில் வெள்ளையாக ஒரு சொட்டுத் திரண்டு, நின்று, விழுந்தது.

லேமினேஷன்காரர் கறுப்புத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பலகைமேல் ஒட்டினார். வெள்ளையைச் சோதிக்கக் கறுப்பில்தான் அடிக்கவேண்டும். ஹெட் போய் வந்தது. சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன. ஓர் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கோடு இல்லை.

“பாத்தீங்களா” என்று முதலாளி இழுத்தார்.

“இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. பத்து நிமிஷம்” என்றாள் அவள்.

“மணி பதினொன்னேகால்மா. அங்க வண்டி வந்துடும்.”

“வரட்டும். என்னை விட்டுட்டுப் போகாது.”

பத்து நிமிஷம் அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஸ்டூல் காலியாகவே இருந்தது. எஞ்சினியரும் நின்றார்; முதலாளியும், வேறு வழியில்லாமல், நின்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அவர் கேட்ட சத்தம் இதுதானே என்று நினைத்தாள். வலித்திருக்குமா, யாரையாவது கூப்பிட்டிருப்பாரா, இல்லை குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாரா. அவர் குமிழியைத்தான் பார்த்திருப்பார். அவளுக்கு அவரைத் தெரியும்.

மறுபடி சிரிஞ்ச் போட்டாள். கடுகளவு ஒரு குமிழி மட்டும் வந்தது. மறுபடி அடித்தார்கள். எஞ்சினியர் தாளை எடுத்துக் கண்ணுக்கருகே வைத்து, விரலை ஒவ்வொரு கோடாக நகர்த்திக்கொண்டு போனார். கடைசிவரை போனார்.

“ஒண்ணு கூட விடல சார். ஹெட்டு நல்லா இருக்கு” என்றார். பையை மூடினார். பிறகு அவளிடம், “இந்த மாதிரி யார் செய்யச் சொன்னது?” என்று கேட்டார்.

“அவர்தான் செஞ்சாரு. நான் மிச்சத்தை முடிச்சேன்.”

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய பெரிய குரல் எங்கோ போய்விட்டது. “தெரியாமப் பேசிட்டேன்மா” என்றார்.

“எங்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம். எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க. அந்த ஆளுங்க கலையறதுக்குள்ள.”

அவள் வெள்ளை என்று எழுதிய கிளிப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்ற ஏழையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மூடியைப் பூட்டினாள், குறைந்த இரண்டையும் தேடியெடுத்து நாலு ஸ்க்ரூ போட்டு.

“வேலைக்கு வரும்போது புதுசா ஒரு டஜன் வாங்கிட்டு வர்றேன்” என்றாள் லேமினேஷன்காரரிடம். “அதுவரைக்கும் யாரையும் இதுல பர்ஜ் அமுக்க விடாதீங்க.”

“வெட்டு மேஜைக்கா அக்கா?”

“இந்த மெஷினுக்கு.”

முதலாளி காதில் விழாதமாதிரி சாவியைத் தேடினார்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. மூத்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் முதலாளி முன்னறையின் நடுவில் போய் நின்று, அந்தக் கறுப்புத் தாளை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி பிடித்துக்கொண்டு, ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார் என்றும், காலையில் தான் சொன்னது தப்பு என்றும் சொன்னார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. தலையாட்டுகிறவர்கள் இதற்கும் தலையாட்டினார்கள். மூத்தவர் மட்டும் தலையாட்டவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

மகள் சட்டையோடு வந்தாள். அலசியிருந்தாள், வெயிலில் காய்ந்து, ஓரங்களில் மட்டும் ஈரம். “ஒரு கிளிப்தாம்மா இருந்துச்சு. கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன்” என்றாள்.

இருவருமாகப் போட்டுவிட்டார்கள். கை மடங்க மறுத்தது. அவள் அதட்டுவதுபோல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மடக்கி நுழைத்தாள். பொத்தான்களைப் போட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கிளிப்பை எடுத்து, வழக்கமாக அவர் பேனா செருகும் பையில் மாட்டினாள். எழுத்து வெளியே தெரிந்தது. ஓரத்தில் இங்க் பட்டு இறுகியிருந்தது.

“என்னம்மா இது, துணி கிளிப்பைப் போய்” என்றாள் சுவரோரப் பெண்.

“அவர் எடுத்ததுதான். அவர்கிட்டயே இருக்கட்டும்.”

தூக்குவதற்கு நாலு பேர் வந்து குனிந்தார்கள். மூத்தவர் தலைப்பக்கம் நின்றார். அவருடைய கை கிளிப்பை எடுக்கப் போனது. அவள் அவரை நேராகப் பார்த்தாள். மணிக்கட்டில் வெள்ளை காய்ந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

மூத்தவரின் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு நகர்ந்து, தம்பியின் காலரை மட்டும் சரி செய்தது.